ஆண்டுக்கு முன்னால் நிற்கும் இரண்டெழுத்து

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பெங்களூரு மடிவாளா சோமேசுவரர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டைப் பற்றி எழுதியபோது ஒரு பத்தியில் "கி.பி. 1247" என்றும், அடுத்த பத்தியில் "பொ.ஆ. 1247" என்றும் அச்சாகிவிட்டது. இரண்டும் ஒரே ஆண்டா, வேறு வேறு ஆண்டுகளா என்று கேட்டு வந்த கடிதங்கள் இம்மாதம் மேசையை நிறைத்துவிட்டன. பிழை நம்முடையது என்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, ஆண்டுக் கணக்கைப் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

*கேள்வி:* என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய மத்தியப் பாடத்திட்ட வரலாற்றுப் புத்தகத்தில் பி.சி.இ., சி.இ. என்று வருகிறது. கன்னடத்தில் "க்ரி.ச." என்று போடுகிறார்கள். சேலத்தில் நான் படித்தது கி.மு., கி.பி. இவையெல்லாம் ஒன்றுதானா? ஏ.டி. என்றால் "ஆஃப்டர் டெத்" என்று எங்கள் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தாரே?
– வாசகி, கோரமங்களா

*பதில்:* ஒன்றுதான். நீங்கள் எழுதியிருக்கும் சுருக்கங்கள் அனைத்தும் ஒரே புள்ளியிலிருந்து தொடங்கும் ஒரே கணக்கின் வெவ்வேறு பெயர்களே என்பதால், எதை எழுதினாலும் எண் மாறாது.

ஆனால் உங்கள் ஆசிரியர் சொன்னதை மட்டும் மகளுக்குச் சொல்லாதீர்கள். ஏ.டி. என்பது ஆங்கிலமே அன்று. "அன்னோ டாமினி" என்னும் இலத்தீன் தொடரின் முதலெழுத்துகள். ஆண்டவருடைய ஆண்டில் என்பது அதன் பொருள். "பின்" என்றோ "இறப்பு" என்றோ பொருள்படும் சொல் அதில் எங்கும் இல்லை. இயேசு இறந்த பிறகு என்று வைத்துக்கொண்டால், அவர் வாழ்ந்த முப்பத்துச் சொச்சம் ஆண்டுகள் கி.மு.விலும் சேராமல் கி.பி.யிலும் சேராமல் நடுத்தெருவில் நின்றுவிடும். நம் "கிறிஸ்துவுக்குப் பின்" என்ற தொடரும் இந்தக் குழப்பத்துக்கு ஓரளவு இடம்கொடுக்கிறது. அதைக் கிறிஸ்து பிறந்ததற்குப் பின் என்று விரித்துப் படித்துக்கொண்டால் தொல்லை இல்லை. இலத்தீன் தொடருக்கு நெருக்கமான தமிழ் வேண்டுமானால் "ஆண்டவர் ஆண்டு" என்றே சொல்லியிருக்கலாம். ஓசையும் பொருந்தி வந்திருக்கும். ஏனோ அது வழக்கில் நிலைக்கவில்லை.

இந்தக் கணக்கைத் தொடங்கியவர் அரசரும் அல்லர், போப்பாண்டவரும் அல்லர். ரோமில் வாழ்ந்த டயோனிசியஸ் எக்சிகுவஸ் என்னும் துறவி, ஈஸ்டர் பண்டிகை எந்த நாளில் வரும் என்பதைக் காட்டும் அட்டவணை ஒன்றை 525ஆம் ஆண்டில் தயாரித்தார். அதுவரை அத்தகைய அட்டவணைகளில் ஆண்டுகளை ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் பதவியேற்ற 284இலிருந்து எண்ணி வந்தார்கள். கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய ஒருவருடைய பெயரை ஈஸ்டர் அட்டவணையின் தலையில் சுமக்க வேண்டுமா என்று எண்ணிய அந்தத் துறவி, அதை நீக்கிவிட்டு ஆண்டவருடைய பிறப்பிலிருந்து எண்ணத் தலைப்பட்டார். அவர் செய்தது பஞ்சாங்கக்காரர் வேலை; உலகம் முழுவதும் தேதி போடும் முறை ஒன்றை உண்டாக்குகிறோம் என்று அவர் நினைத்திருக்க வழியில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த பீட் என்ற துறவி 731இல் முடித்த தம் திருச்சபை வரலாற்றில் இம்முறையைப் பின்பற்றிய பிறகுதான் அது ஐரோப்பாவில் பரவியது. டயோனிசியஸின் கணக்கில் சில ஆண்டுகள் பிசகியிருப்பதாகவே இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். விவிலியத்தின்படி இயேசு பிறந்தபோது ஆட்சியிலிருந்த ஏரோது மன்னன் கி.மு. 4இலேயே இறந்துவிட்டான் என்பது பொதுவாக ஏற்கப்படும் முடிவு. ஆகவே, சற்று விசித்திரமாகத் தோன்றினாலும், கிறிஸ்து பிறந்தது கிறிஸ்துவுக்கு முன் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சி.இ. என்பது "காமன் எரா", பி.சி.இ. அதற்கு முற்பட்டது. இது நேற்று முளைத்த புதுமை என்று சிலர் நினைக்கிறார்கள். வானியலாளர் கெப்ளர் 17ஆம் நூற்றாண்டிலேயே பொதுமக்கள் வழங்கும் ஆண்டு என்ற பொருள்பட இலத்தீனில் எழுதியிருக்கிறார். இயேசுவை ஆண்டவர் என்று ஏற்காத யூத அறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டில் இதை விரும்பிக் கையாண்டார்கள். இதன் தமிழ் வடிவமே பொது ஆண்டு, அதாவது பொ.ஆ.; அதற்கு முந்தியது பொ.ஆ.மு. பொது யுகம் என்று கொண்டு பொ.யு. என்று எழுதுவோரும், பொது ஊழி என்று கொண்டு பொ.ஊ. என்று எழுதுவோரும் உண்டு. எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று கொண்டுவந்த ஒன்றுக்கு நாம் மூன்று சுருக்கங்களை வைத்துக்கொண்டு திண்டாடுகிறோம். கன்னடக்காரர்களின் நிலையும் இதுதான். க்ரி.ச. என்பது க்ரிஸ்த சக. இப்போது சாமான்ய சக என்ற பொருளில் சா.ச. என்றும் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.

என் கட்சியைக் கேட்டால், எதையும் எழுதுங்கள். ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காதீர்கள் என்பேன். சென்ற இதழில் நான் செய்த பிழை அதுதான். இன்னொரு நுணுக்கத்தையும் மகளுக்குச் சொல்லுங்கள்: ஆங்கிலத்தில் ஏ.டி.யை எண்ணுக்கு முன்னாலும், பி.சி., பி.சி.இ., சி.இ. ஆகியவற்றை எண்ணுக்குப் பின்னாலும் எழுதுவது பழைய மரபு. தமிழில் எல்லாமே முன்னால்தான்.

*கேள்வி:* கி.மு. 50 முதல் கி.பி. 1950 வரை 2000 ஆண்டுகள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். என் மகன் 1999 என்று சாதிக்கிறான்.
– வாசகர், ஒயிட்ஃபீல்டு

*பதில்:* மகன் சொல்வதே சரி. இரண்டு எண்களையும் கூட்டி ஒன்றைக் கழித்திருக்க வேண்டும். நான் கழிக்க மறந்துவிட்டேன்.

கி.மு. 1 முடிந்த மறுநாளே கி.பி. 1 தொடங்கிவிடுகிறது; இடையில் சுழியம் என்ற ஆண்டு கிடையாது. ரோம எண்களில் சுழியத்துக்குக் குறி இல்லாத காலத்தில் உருவான கணக்கு இது. கழித்தல் கணக்குப் போட்டே பழகிய வானியலாளர்களுக்கு இது ஒத்துவராததால், அவர்கள் கி.மு. 1ஐச் சுழியம் என்றும், கி.மு. 2ஐக் கழித்தல் 1 என்றும் வைத்துக்கொள்கிறார்கள். இருபத்தோராம் நூற்றாண்டு 2000இல் தொடங்கியதா 2001இல் தொடங்கியதா என்று அன்று நடந்த வாக்குவாதத்துக்கும் இந்த இல்லாத சுழியமே காரணம்.

திருவள்ளுவர் ஆண்டிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். வள்ளுவர் பிறப்பைக் கி.மு. 31 என்று கொண்டு தமிழ்நாட்டு அரசு ஏற்ற கணக்கு அது, கி.பி. ஆண்டோடு 31ஐக் கூட்ட வேண்டும். 2025ஆம் ஆண்டின் தை முதல் நாளில் தி.ஆ. 2056 பிறந்தது. அப்படியே பின்னோக்கிப் போனால், கி.பி. 1 என்பது தி.ஆ. 32, கி.மு. 1 என்பது தி.ஆ. 31, கி.மு. 31 என்பது தி.ஆ. 1. நடுவில் ஒரு சுழிய ஆண்டு இருந்திருந்தால் தி.ஆ. 1 கி.மு. 30இல் வந்து விழுந்திருக்கும். மகனிடம் இதையும் கொடுத்துப் போடச் சொல்லுங்கள்.

*கேள்வி:* எங்கள் பூர்வீகம் வேலூர்ப் பக்கம். தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு கைச்சீட்டு இருந்தது. அதில் "வெகுதானிய௵ மாசி௴ 12௳" என்று இருக்கிறதே தவிர ஆண்டு எண்ணே இல்லை. கூடவே மடித்து வைத்திருந்த கிஸ்தி (நிலவரி) ரசீதில் "பசலி 1348" என்று கண்டிருக்கிறது. 1348 என்றால் விஜயநகரத்துக் காலமாயிற்றே! கடைசியில் கொக்கி போட்டிருக்கும் அந்த எழுத்துகள் என்ன?
– வாசகர், அல்சூர்

*பதில்:* இம்மாதக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. நீங்கள் அனுப்பியிருந்த நகலைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

முதலில் கொக்கிகள். ௵ என்பதை வருஷம் என்றும், ௴ என்பதை மாதம் என்றும், ௳ என்பதை நாள் அல்லது தேதி என்றும் படிக்க வேண்டும். உங்கள் சீட்டின் நான்காம் வரியில் நிலத்தைச் சொல்லுமிடத்தில் ௸ என்று ஒன்று வருகிறது, அது மேற்படி. கணக்குப்பிள்ளைகள் நாள் முழுவதும் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்த சொற்களுக்குக் கண்ட கைச்சுருக்கங்கள் இவை. கி.பி., கி.மு. என்று புள்ளி வைத்து முதலெழுத்தை எழுதும் வழக்கம் ஐரோப்பிய அச்சைப் பார்த்து வந்தது. நம் பழைய கையெழுத்துச் சுருக்கத்தில் புள்ளியும் இல்லை, முதலெழுத்தும் இல்லை. சொல்லே சுழிந்து ஒரு குறியாகிவிடும். இவை மறைந்துவிட்டன என்று நினைக்க வேண்டாம். உலக எழுத்துருத் தொகுப்பில் இவற்றுக்கு இடம் உண்டு, உங்கள் கைபேசியிலும் வரும்.

அடுத்து வெகுதானியம். பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள் சுழன்று வரும் வட்டத்தில் அது பன்னிரண்டாவது. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால் பெயரை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்ல முடியாது. 1878–79உம் வெகுதானியம், 1938–39உம் வெகுதானியம், 1998–99உம் வெகுதானியம். எழுதியவருக்கும் வாங்கியவருக்கும் எந்த வெகுதானியம் என்பது தெரியும். பேரன் அல்சூரில் உட்கார்ந்து படிக்கப்போகிறான் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

இந்த முடிச்சை அவிழ்ப்பது பசலிதான். பசலி என்பது விளைச்சல் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றி ஓடுவதால், வரி கட்ட வேண்டிய தேதி அறுவடையை விட்டு ஆண்டுதோறும் நழுவிக்கொண்டே போயிற்று. கதிர் முற்றுமுன் கிஸ்தி கேட்டால் குடியானவன் எங்கே போவான்? அக்பர் காலத்தில் ஹிஜ்ரி எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பிறகு சூரியனைப் பின்பற்றி எண்ணும் வருவாய் ஆண்டு ஒன்றை ஏற்படுத்தினார்கள். தக்காணத்துக்கு அது ஷாஜகான் காலத்தில், 1636இல் வந்தது. அப்போது நடந்த ஹிஜ்ரி 1046. ஆகவே தெற்கே பசலிக்கும் கி.பி.க்கும் இடையில் 590 வேறுபாடு நின்றுவிட்டது. வடக்கே அக்பர் காலத்திலேயே தொடங்கிய பசலிக்கு வேறுபாடு இதைவிட இரண்டு மூன்று ஆண்டுகள் கூடுதல்.

தமிழ்நாட்டில் பசலி ஜூலை முதல் தேதியில் பிறக்கிறது. ஜூலை முதல் டிசம்பர் வரை பசலியோடு 590ஐயும், ஜனவரி முதல் ஜூன் வரை 591ஐயும் கூட்டினால் கி.பி. கிடைக்கும். உங்கள் ரசீதின் பசலி 1348 என்பது 1938 ஜூலை முதல் 1939 ஜூன் வரை. வெகுதானிய வருஷத்து மாசி மாதம் அதற்குள் விழ வேண்டுமென்றால் அது 1939 பிப்ரவரி இறுதி. 1878–79இன் வெகுதானியமாக இருந்திருந்தால் ரசீதில் பசலி 1288 என்று இருந்திருக்கும். விஜயநகரத்துக்கும் உங்கள் தாத்தாவுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கைச்சீட்டைத் தனியே எடுத்துக்கொண்டு போனால் அது எந்த ஆண்டு என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் வட்டாட்சியர் அலுவலகத்து ஜமாபந்தி, அதாவது ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கை, இன்றும் பசலிக் கணக்கில்தான் நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஊருக்குப் போய் அடங்கல் (நிலத்தின் சாகுபடிப் பதிவேடு) கேட்கும்போது "எந்தப் பசலி?" என்று கேட்பார்கள்.

*கேள்வி:* மடிவாளாக் கல்வெட்டில் 1247 என்ற எண்ணே செதுக்கப்பட்டிருக்குமா?
– வாசகி, பி.டி.எம். லேஅவுட்

*பதில்:* இருக்காது. "வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே" என்று நிலத்துக்கு அடையாளம் சொல்லும் கல்வெட்டு என்று சென்ற இதழில் குறிப்பிட்டிருந்தேன் அல்லவா? 1247 என்பது பிற்காலத்தார் கணித்துச் சொன்ன ஆண்டு. அக்காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளில் கிறிஸ்து ஆண்டு வராது.

தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை அரசனுடைய ஆட்சியாண்டை மட்டும் சொல்லும். உத்திரமேரூரில் குடவோலை முறையைச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டுகள் முதலாம் பராந்தகனுக்கு "யாண்டு பன்னிரண்டாவது", "யாண்டு பதினான்காவது" என்றுதான் தொடங்குகின்றன. பராந்தகன் 907இல் ஆட்சிக்கு வந்தான் என்று வேறு சான்றுகளால் தெரிந்த பிறகே அவற்றை 919 என்றும் 921 என்றும் சொல்ல முடிந்தது. பாண்டியர் கல்வெட்டுகள் இன்னும் ஒரு படி மேலே போய், "யாண்டு இரண்டாவதின் எதிர் மூன்றாவது" என்ற பாணியில் எழுதும். இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கல்லில் கிழமையும் நட்சத்திரமும் திதியும் சேர்ந்து இருந்தால் ஆய்வாளருக்கு யோகம். அவை மூன்றும் ஒரே நாளில் கூடிய ஆண்டு எது என்று தேடிவிடலாம். அந்தத் தேடலுக்காகக் கி.பி. 700 முதல் 1799 வரை நாள்தோறும் கணக்கிட்டு அட்டவணை போட்டுத் தந்தவர் நம்மவரான எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. 1922இல் வெளிவந்த அந்த அட்டவணையைக் கல்வெட்டு ஆய்வாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் புரட்டி வருகிறார்கள்.

கன்னட நாட்டில், கி.பி. 78இல் தொடங்கும் சக ஆண்டுக்குச் செல்வாக்கு அதிகம். பாதாமிக் கோட்டைப் பாறையில் முதலாம் புலிகேசி சகம் 465 என்று வெட்டி வைத்திருக்கிறான். 78ஐக் கூட்டினால் 543. ஐகொளெயில் ரவிகீர்த்தி பாடிய கல்வெட்டு, பாரதப் போருக்குப் பின் 3735 ஆண்டுகளும் சக ஆண்டு 556உம் கழிந்தன என்று இரண்டு கணக்குகளையும் ஒருசேரச் சொல்கிறது. பாரதப் போரைக் கி.மு. 3102இல் வைப்பது மரபு; சுழிய ஆண்டு இல்லாததால் ஒன்றைக் குறைத்து, 3735இலிருந்து 3101ஐக் கழித்தாலும் 634. 556ஓடு 78ஐக் கூட்டினாலும் 634. தாம் எழுதிய தேதியைத் தாமே சரிபார்த்து வைத்துவிட்டுப் போன புலவரை இந்தத் துறையில் எத்தனை முறை வேண்டுமானாலும் கும்பிடலாம்.

இந்தக் கணக்குக்குச் சகர் என்ற அயல்நாட்டு அரசமரபின் பெயர் ஒட்டிக்கொண்டது. சாலிவாகனன் பெயர் பின்னால் வந்து சேர்ந்தது. சக அப்தம், அதாவது சக ஆண்டு, சேர்ந்து சகாப்தம் ஆயிற்று. ஒரு நடிகர் மறைந்தால் "ஒரு சகாப்தம் முடிந்தது" என்று சுவரொட்டி ஒட்டுகிறோமே, அந்தச் சொல் இதுதான். கன்னடத்தில் சகம் என்பதே ஆண்டுக்கணக்கு என்று பொதுப்பொருள் பெற்றுவிட்டதால்தான் "க்ரிஸ்த சக" என்று அவர்களால் எழுத முடிகிறது.

*கேள்வி:* ஹிஜ்ரி 622இல் தொடங்கியது என்கிறார்கள். 2025இலிருந்து 622ஐக் கழித்தால் 1403தானே வருகிறது? காலண்டரில் 1447 என்று இருக்கிறதே?
– வாசகர், சிவாஜி நகர்

*பதில்:* நபிகள் நாயகம் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் புலம்பெயர்ந்த ஆண்டு 622 என்பது சரிதான். ஆங்கில நூல்களில் ஏ.எச். என்று காண்பதும் இதுவே; ஹிஜ்ரத்தின் ஆண்டில் என்ற இலத்தீன் தொடர். ஆனால் அந்த ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான். நமக்கு 33 ஆண்டு ஓடுவதற்குள் அதில் ஏறக்குறைய 34 ஓடிவிடும். பதினான்கு நூற்றாண்டில் சேர்ந்த அந்த மிச்சம் 43; தொடங்கிய ஆண்டையே 1 என்று எண்ணுவதால் இன்னும் ஒன்று. 1403க்கும் 1447க்கும் இடையிலுள்ள 44 அதுதான்.

*கேள்வி:* கீழடிச் செய்திகளில் பி.பி. என்று ஒன்று வருகிறது. பிளட் பிரஷர் இல்லை என்று மட்டும் தெரிகிறது.
– வாசகர், ஸ்ரீராமபுரம்

*பதில்:* கி.மு., பொ.ஆ.மு. குழப்பத்தால் எனக்கு ஏறியது அந்தப் பி.பி.; இது வேறு. "பிஃபோர் பிரசென்ட்", அதாவது "இன்றைக்கு முன்" என்று பொருள். கரிமப் பகுப்பாய்வில் காலம் கணிப்போர் கையாளும் சுருக்கம் இது. இதில் "இன்று" என்பது நீங்கள் நாளிதழ் படிக்கும் நாள் அன்று. 1950 ஜனவரி முதல் தேதி என்று நிலையாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பகுப்பாய்வு முறை தோன்றிய காலமும் அதை ஒட்டியதே. தவிர, அதற்குப் பின் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றிலுள்ள கதிரியக்கக் கரிமத்தின் அளவையே மாற்றிவிட்டன.

கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரிக்குக் கி.மு. 580 என்று 2019இல் அறிவித்தார்கள். அதை 1950இலிருந்து எண்ணினால் 580ஐயும் 1950ஐயும் கூட்டி ஒன்றைக் கழித்து 2529. ஒயிட்ஃபீல்டு வாசகருடைய மகனின் அந்த ஒன்று இங்கேயும் வந்துவிட்டது. செய்தியில் "2500 ஆண்டு", "2600 ஆண்டு" என்று ஆளுக்கொன்றாக எழுதுவது, சிலர் 1950இலிருந்தும் சிலர் இன்றிலிருந்தும் எண்ணி முழுமையாக்குவதால் நேர்வது. ஆய்வகம் முதலில் தரும் பி.பி. எண் இன்னும் நாட்காட்டி ஆண்டாகாது என்பதையும் நினைவில் வையுங்கள். மரவளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகே அதைக் கி.மு.வாக மாற்றுவார்கள்.

*கேள்வி:* இந்திய தேசிய நாட்காட்டி என்று ஒன்று இருக்கிறதாமே. அதை யாராவது பயன்படுத்துகிறார்களா?
– வாசகி, மல்லேசுவரம்

*பதில்:* மத்திய அரசிதழை எடுத்துப் பாருங்கள். கிரிகோரியன் தேதியோடு சக தேதியும் இருக்கும். விஞ்ஞானி மேகநாத் சாஹா தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22ஆம் தேதி சைத்திரம் 1, 1879 என்று இது நடைமுறைக்கு வந்தது. ஜனவரி 26, 2026 என்பது இதில் மாகம் 6, 1947. மார்ச் 22க்குப் பிறகு 78ஐயும், அதற்கு முன் 79ஐயும் கழித்தால் போதும். லீப் ஆண்டில் மட்டும் மார்ச் 21லேயே புத்தாண்டு.

இந்தத் தேசிய நாட்காட்டித் தேதியை இந்தியில் எழுதிய காசோலையை வங்கிகள் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலும் உண்டு. நீங்கள் எழுதிப் பார்ப்பதானால், கூட்டம் குறைவான நாளாகப் பார்த்துப் போங்கள். கவுண்ட்டரில் இருப்பவர் 1947 என்ற எண்ணைக் கண்டதும், மூன்று மாதக் கெடு தாண்டி எழுபத்தெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்று திருப்பித் தரக்கூடும்.